அம்மா கேட்ட ஒரு வரி

அம்மா இறந்து ஓராண்டு நிறைவுக்கான இந்த நினைவு மலரில் கோபத்தைக் காட்டாதே என்று மாமா சொன்னார். முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அம்மா பிறந்தது பருத்தித்துறையில். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு, எட்டு வயதான என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்து இறங்கினார். அவருடைய தம்பியான மாமா முன்பே தாம்பரத்தில் இருந்தார். அங்கே ஒரு வீடியோ கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்த அம்மா, சில ஆண்டுகளில் பீர்க்கன்கரணையில் சொந்தக் கடை போட்டார். பிறகு கேபிள் தொழிலில் இறங்கினார். எங்கள் மொட்டைமாடியில் டிஷ் ஆண்டெனா ஏறியபோது காலனியே வேடிக்கை பார்த்தது. கம்பம் ஏறி ஒயர் கட்டியவர் ஏழுமலை அண்ணன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கீழே நின்று ஒயரை இழுத்துக் கொடுத்தவர் அம்மா.

மாலை ஏழு மணிக்கு எங்கள் கேபிளில் அம்மா பத்து நிமிடம் காலனிச் செய்தி வாசிப்பார். நாளை எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, ஏரி நிரம்பிவிட்டதா, யார் வீட்டுப் பெண் பிளஸ் டூவில் பள்ளிக்கே முதல் என்பதெல்லாம் அதில் வரும். காலனிக்காரர்களே, அவருடைய ஈழத் தமிழைப் பேசிக் காட்டிச் சிரித்தீர்கள். ஒருநாள் செய்தி வராவிட்டால் வாசலுக்கே வந்து விசாரித்தவர்களும் நீங்கள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈழத்தவர் என்றாலே சந்தேகப்படும் காலம் வந்தது. காவல் நிலையத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். ஆய்வாளர் ஒரு புகாரைக் காட்டினார். எங்கள் டிஷ் வழியாக இலங்கைக்குத் தகவல் போகிறது என்று எழுதி, நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டிருந்தீர்கள். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் உட்பட. முதல் கையெழுத்து காலனிச் சங்கச் செயலாளருடையது.

ஏழுமலை அண்ணன் பள்ளிக்கூடம் போகாதவர். அவரிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். "அந்தத் தட்டுல இன்னா கீது சார்? வானத்துலேர்ந்து வர்றத புடிக்கும், அவ்ளோதான். அக்காவ ஏன் பேஜார் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

காவலர்கள் வந்து டிஷ்ஷைக் கழற்றினார்கள். அம்மா வாராவாரம் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. ஒரே மாதத்தில் செயலாளரின் மைத்துனர் அதே கம்பங்களில், அம்மா இழுத்த அதே ஒயரில் கேபிள் நடத்தத் தொடங்கினார். இதைப் பயம் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அம்மா ஒப்புக்கொண்டார். "விடு பிள்ளை. அவை பயத்தில செய்திருப்பினம். அந்தப் புகார் பிழையெண்டு எழுத்தில ஒரு வரி தந்தாப் போதும் எனக்கு" என்பார். தனக்குத் துரோகிப் பட்டம் நிலைத்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கவலை. வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக் கல்யாணங்களைப் படம் பிடித்தே என்னைப் படிக்க வைத்தார். அந்த ஒரு வரிக்காகச் செயலாளர் வீட்டுக்குப் பலமுறை நடந்தார். "பாக்கலாம்மா, கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகும், "கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். வரவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த ஏழுமலை அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும், எங்களைத் தாங்கிய மாமாவுக்கும், கையெழுத்திட மறுத்த மூன்று வீட்டாருக்கும் என் நன்றி. உங்களை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

செயலாளர் இந்த மலருக்கு இரங்கல் உரை அனுப்பியிருந்தார். "எங்கள் காலனியின் பெருமை" என்று அம்மாவைப் புகழ்ந்திருக்கிறார். அதை நான் அச்சிடவில்லை. அதற்கென ஒதுக்கிய அடுத்த பக்கத்தின் தலைப்பில், "நாங்கள் கொடுத்த புகார் பொய்" என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. அதன் கீழே நாற்பத்தொரு பேருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.