கட்டிலின் அந்தப் பக்கம்

இது நடந்தது. கோட்டயத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில். நர்சிங் முதல் வருஷம் படித்த லின்ஸா இதை ஒரே தடவைதான் சொன்னாள். அழவில்லை. குரல்கூட ஏறவில்லை.

அன்று காலை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ஏழு மணிக்குள் பன்னிரண்டு கட்டில் விரிக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும்போதே, பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பேர் நின்று விரிப்பதுதான் முறை. தேறாவிட்டால், அவளைப் படிக்கவைக்கும் டிரஸ்ட் அடுத்த வருஷப் பீஸைக் கட்டாது. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அவரால் ஆகாது.

அவளுடைய ஜோடி அனுஜாவுக்குக் காய்ச்சல்.

"தனியாவே விரி," என்றார் தேர்வு வைத்த சிஸ்டர் ப்ளேவியா. "இதுகூடத் தெரியாம ஜெர்மனிக்குப் போனா, உன்னைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க மோளே."

மணி 6.20. வெளியே மழை. நாலாவது கட்டிலில் விரிப்பை இழுத்தாள்... அந்தப் பக்கமும் இழுபட்டது.

எதிரே ஒருத்தி. இதே காலேஜ் உடுப்பு. பார்த்த முகமில்லை. இரண்டாம் வருஷக்காரி போல என்று நினைத்துக்கொண்டாள். இவள் மடிக்கும் அதே நொடியில் அவளும் மடித்தாள். சரக்... சரக்...

"உனக்குப் பீஸ் யார் கட்டறாங்க?" என்றாள் எதிரே நின்றவள்.

"டிரஸ்ட்."

"எனக்கும் அவங்கதான்... இந்த வருஷம்."

டிரஸ்ட் வருஷத்துக்கு ஒருத்திக்குத்தான் கட்டும். லின்ஸாவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. இன்னும் எட்டு கட்டில் இருந்தது.

6.41. ஒன்பதாம் கட்டில் நோயாளி சிரித்தாள்.

"தனியா யார்கூடடி பேசற கொச்சே? கல்யாண மாப்பிள்ளையா?"

லின்ஸா நிமிரவில்லை.

விரிப்புக்கடியில் கையோடு கை பட்டது.

ஈரம்.

6.52. கடைசி மடிப்பு. நிமிர்ந்தாள்.

யாருமில்லை...

சிஸ்டர் மூலைகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும்.

"பாஸ்."

அடுத்த வாரம் டிரஸ்ட் ஆபீசுக்குப் போனபோது, அங்கே கணக்குப் பார்க்கும் குரியச்சன் சாரிடம் கேட்டாள்.

"சாரே, இந்த வருஷம் வேற யாராவது இருந்தாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல தேர்ந்தெடுத்தது உன்னை இல்ல மோளே. ரோஸிலின்னு ஒருத்தி. காலேஜ்ல சேர நாலு நாள் இருக்கும்போது ஆத்து வெள்ளத்துல போயிட்டா. அவளுக்கு மூணு செட் உடுப்பு தைச்சு வச்சிருந்தோம். ரெண்டு உனக்குத் தந்தோம். மூணாவதை அவ அம்மா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அதைப் போட்டுத்தான்... அடக்கம் பண்ணினாங்க."

லின்ஸா தலையாட்டினாள்.

மறுநாள் காலை, அந்த இரண்டில் ஒன்றை உடுத்திக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

அவளிடம் வேறு இல்லை.