விழுப்புரத்தில் ஜெர்மன் நுரை

பீர் ஊற்றுகிறவனுக்குக் கை மட்டும் நிதானமாக இருந்தால் போதாது, வாயும் நிதானமாக இருக்க வேண்டும். விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் சாப்பாட்டு ரூமில் பீர் ஊற்றும் எனக்குக் கை மட்டும்தான் நிதானம். இப்போது அதற்கும் வேட்டு. ஒலக்கூர் மிராசுதார் கிளாஸை மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்துவிட்டு, “கூப்புடுரா மேனேஜரை!” என்று கத்துகிறார்.

இரண்டு விரல் நுரை

நான் செய்த குற்றம் நுரை. முந்தின நாள்தான் மெட்ராஸிலிருந்து ஜெர்மன் பீர் கம்பெனி ஏஜெண்டு துரை வந்து, கிளாஸைச் சாய்த்துப் பிடி, மேலே இரண்டு விரல் நுரை நிற்கணும், அதுதான் மரியாதை என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்படியே ஊற்றினேன். நம் ஊரில் நுரை என்றால் ஏமாற்று. மிராசுதார் நுரையை ஊதித் தள்ளிவிட்டு, “கள்ளுக்கடைக்காரன்கூட நுரை அடங்கனப்புறம்தான்டா அளப்பான்!” என்றார்.

டிரேயும் கையுமாக நிற்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? துரை சொன்னார் என்றால் யார் கேட்கிறார்கள்? மேனேஜர் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். “பத்தாவது பெயிலுக்கு இந்த வேலையே ஜாஸ்தி. இன்னொரு புகார் வந்துது, திண்டிவனத்துக் கடலை மண்டியில உங்கப்பன்கூட மல்லாட்டை மூட்டை தூக்கிக்கினு கெட!”

விரதத்துக்கு உகந்தது

பாட்டில் லேபிளில் மொட்டைத்தலைச் சாமியார் ஒருவர் குவளையோடு சிரிப்பார். அந்தக் கம்பெனியே பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மடத்தில் ஆரம்பித்ததாம். விரத நாளில் சாப்பாடு ஆகாது, குடிக்கலாம் என்பதால், பார்லியை முளைகட்டி வறுத்து, கசப்புக்கு ஒரு கொடிப்பூவைப் போட்டு, கஞ்சி மாதிரி கெட்டியாகக் கறுப்பு பீர் காய்ச்சினார்களாம் சாமியார்கள். எல்லாம் துரை சொன்னதுதான்.

ரயிலுக்குக் காத்திருந்த திருவாமாத்தூர்க்காரர் ஒருவர், “இன்னிக்குக் கிருத்திகை, சோடா மட்டும் குடு” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். கதையைச் சொல்லித் தொலைத்தேன். சோடாவைத் தள்ளி வைத்தார். “அந்தக் கறுப்புல ஒண்ணு ஒட. வூட்ல கேட்டா நீதான் வந்து சாட்சி சொல்லணும்.”

எதிரிச் சரக்கு

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை வந்துவிட்டது. ஜெர்மன் துரையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் முகாமில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஸ்டோரில் இன்னும் இரண்டு பெட்டி சாமியார் இருந்தார். மேனேஜர் வாளித் தண்ணீரைக் காட்டி, “பாட்டிலை ஊறவெச்சு லேபிளை உரி. கேட்டா ஹாலந்து சரக்குன்னு சொல்லு” என்றார். வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது, எனக்கு மனசு நிறையவில்லை. நல்ல பீருக்கு எதற்குப் பொய்ப் பேர்?

அதற்குள் டூட்டி முடிந்த ரயில் கார்டு, ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், வந்து உட்கார்ந்தார். அவர் அண்ணன் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார். லேபிளோடு ஒரு பாட்டிலைக் கொண்டுபோனேன். “எந்த ஊரு இது?” என்றார். கல்லாவிலிருந்து மேனேஜர் என்னையே முறைத்தார். மல்லாட்டை மூட்டை கண்ணில் தெரிந்தது. “ஜெர்மனிங்க” என்றேன்.

கார்டு சாமியாரை உற்றுப் பார்த்தார். மேனேஜர் எழுந்துவிட்டார்.

“இன்னா மேன் பாத்துக்கினு நிக்கிற? ஜல்தி ஒட! எதிரியை உயிரோட விட்டுவெக்கலாமா?”

மறுநாள் ரயில்வே காலனியே வந்து இரண்டு பெட்டி எதிரியையும் தீர்த்துக்கட்டியது. உரிக்கச் சொன்ன லேபிளை உரிக்காமல், சொல்லச் சொன்ன பொய்யைச் சொல்லாமல், புகாரே வராமல் நான் பார்த்த வேலை அது ஒன்றுதான்.