இரண்டு ரிவால்வரும் என் பெருவிரலும்

நான். என் மனைவி. கிங்ஸ்பரியில் இருந்து வந்த தம்பி. துப்பாக்கி சுடுகிற ரேஞ்சைப் பார்க்கிற வெள்ளைக்கார அம்மா. அன்றைக்கு அவ்வளவு பேர்தான். ஞாயிறு காலை, நல்ல மழை. மற்ற ஆட்கள் வரவில்லை.

அந்த அம்மா முன்பு நேர்ஸாக இருந்தவ. கிளப்பில் அவ சொன்னால் சுடலாம், அவ சொன்னால் நிறுத்த வேண்டும். தம்பி சொந்தத் தம்பி இல்லை. தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னை அண்ணே என்பார். நான் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி அடித்தவன். மனைவி சுட வரவில்லை. நான் இதை விடுகிறேனா இல்லையா என்று பார்க்க வந்தவ.

காரணம் என் வலது பெருவிரல். கொத்துகிற தகடு பிடித்துப் பிடித்து அடிமூட்டு தேய்ந்துவிட்டது. ஒபரேஷன் செய்தார்கள். நோவு போய்விட்டது, பலமும் போய்விட்டது. இப்போது கடையில் பார்சல் கட்டுகிறேன். அது பரவாயில்லை. ஆனால் நான் சுடுகிறது பழைய காலத்து மாதிரி ரிவால்வர். ஒவ்வொரு வெடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க ஏலாவிட்டால் சுட ஏலாது.

கிளப்பில் இருந்து ஒருவர் இரண்டு ரிவால்வர்களை விற்கக் கொடுத்திருந்தார். இரண்டும் விலை குறைந்தவை. இரண்டும் பொயின்ற் ரூ ரூ, .22 என்று எழுதுவார்கள், சின்னச் சன்னம் (குண்டு) போடுகிறவை. இந்த நாட்டில் சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். குழல் ஒரு அடி நீளமாக இருந்து, பிடிக்குப் பின்னால் ஒரு கம்பியும் நீட்டிக்கொண்டு நின்றால் விடுவார்கள். பார்க்கக் குடைக்குப் பிடி வைத்த மாதிரி இருக்கும். என் லைசன்ஸில் ஒன்றுக்குத்தான் இடம். ஏலுமான ஒன்றை எடுக்கிறது, இல்லாவிட்டால் லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கிறது. மனைவிக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தம்பி இரண்டைப் பற்றியும் இன்டர்நெட்டில் வாசித்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணே, இந்த லேசானது உடம்பு அலாய். பெயின்ட் உரியும். பின்பக்கம் குறி பார்க்க ஒரு பள்ளம் மட்டும்தான், திருப்பி சரிபண்ண முடியாது. ஆனா சுத்தியல் வெண்ணெய் மாதிரி. அந்தக் கனமானது முழுக்க ஸ்டீல். குறி திருப்பலாம், விசை சுத்தமா விடும். ஆனா சுத்தியல் கல்லு."

"கல்யாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரிக் கதைக்கிறீர்," என்றா மனைவி.

"அக்கா, பொண்ணு பாக்கும்போது நான் இவ்வளவு விசாரிக்கல."

முதலில் கனமானது. ஐந்து சன்னம் போட்டேன். அந்த அம்மா சுடலாம் என்றா. சுத்தியலில் பெருவிரலை வைத்து இழுத்தேன். பாதி வந்தது. விரல் நழுவியது. திரும்பவும் இழுத்தேன். வரவில்லை. சன்னங்களைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

மனைவி காதுமூடியைத் தூக்கினா. "முடிஞ்சுதே?"

"இல்லை. மற்றது இருக்கு."

லேசானதில் சுத்தியல் வந்தது. தம்பி சொன்னது சரி. ஐந்தும் வெடித்தன. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் விரல் எரிந்தது. ஐந்தாவதோடு கை மரத்துவிட்டது. குறித்தாளில் எல்லாம் இடது பக்கம் கீழே. ஒன்று தாளுக்கு வெளியே. அந்த அம்மா என் கையைப் பிடித்து மூட்டை அமத்திப் பார்த்தா. நேர்ஸ் கை. இது சரிவராது என்கிற மாதிரித் தலையை ஆட்டினா.

நான் லைசன்ஸைப் பற்றி நினைத்தேன். சரி, கொடுக்கிறதுதான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏதாவது பார்க்கலாம்.

மனைவிதான் கேட்டா.

"இஞ்சாருங்கோ, உங்கட இடக்கை என்ன செய்யுது?"

"சும்மா கீழ பிடிச்சிருக்கு."

"ஏன் சும்மா? கொத்து அடிக்கேக்க ரெண்டு கையிலயும் தகடு பிடிச்சனீங்கள்தானே. இடது பெருவிரலுக்கு என்ன குறை? அதால இழுங்கோவன்."

தம்பி சிரித்தார். "அக்கா, நீங்க எங்கள ஒழிக்கத்தானே வந்தீங்க?"

"இவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில இருந்தால் என்னைத்தான் ஒழிப்பார்."

லேசானதைத்தான் திரும்ப எடுத்தேன். கை பழகியது அது என்று நினைத்தேன். இடது பெருவிரலால் இழுத்தேன். நன்றாக வந்தது. வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதுக்கு டக் என்றது, வெடிக்கவில்லை. சட்டப்படி குழலை முன்னுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வந்து பார்த்தா. சுத்தியலுக்கு இடப்பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அது கீழே விழுந்தால் பூட்டு. என் இடது விரல் சுத்தியலோடு சேர்த்து அதையும் அழுத்திவிட்டது. மேலே தள்ளிவிட்டுத் தொடர்ந்தேன். அடுத்ததுக்கும் அதே மாதிரித்தான். தகடு பிடித்த விரல் அகலம். அந்த லீவருக்கு இடம் விடாது.

"மற்றதில லீவர் இல்லையே," என்று அந்த அம்மா இங்கிலீசில் சொன்னா. "அதைத் திருப்பி எடு, மை லவ்."

புதுத் தாள் மாட்டி, கனமானதில் ஐந்து சன்னம் போட்டேன். அதில் ஒரு பக்கமும் ஒன்றும் இல்லை. வெறும் சுத்தியல். அதே கல்லுச் சுத்தியல்தான். இடது பெருவிரலை வைத்தேன். முழுக்க வந்தது. உள்ளே கிளிக் கிளிக் என்று ஏறி நின்றது. வலது கை சும்மா பிடித்திருந்தது, விசையை மட்டும் அமத்தியது. கனம் இருந்தபடியால் குழல் அசையவில்லை. ஒன்று. திரும்ப இழுத்தேன். இரண்டு. அவசரப்படவில்லை. அவசரப்படத் தேவையும் இல்லை. நடுவில் ஒருதரம் மனைவியைப் பார்த்தேன். காதுமூடியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றா. தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

முடிந்ததும் தம்பி கேட்டார். "அப்ப அந்த லேசானத நான் எடுத்துக்கட்டுமா அண்ணே? என் லைசன்ஸ்லயும் ஒரு இடம் காலியா இருக்கு."

"எடும். பெயின்ட் உரியும்."

"உரியட்டும். என் விரல் மெலிசு."

அந்த அம்மா இனிப் பாதுகாப்பு, முன்னுக்குப் போகலாம் என்று சொல்லி, சுடுகிற நேரம் எரிகிற சிவப்பு லைட்டை அணைத்தா. நாங்கள் நடந்து போய்த் தாளைக் கழற்றினோம். மனைவி தாளை வாங்கிப் பிடித்தா. ஓட்டைக்கு ஓட்டை விரல் வைத்து எண்ணினா. ஒரு ஓட்டை இரண்டு வளையத்துக்கு நடுக்கோட்டில் நின்றது. அதைப் பார்க்க அந்த அம்மா கண்ணாடியைப் போட்டா. கோட்டைத் தொட்டால் கூடின எண்தான் என்றா.

"என்னப்பா, வாசிக்கட்டோ?" என்றா மனைவி.

"ஓம்."

ஒன்பது, எட்டு, ஒன்பது, ஏழு, எட்டு.

ஐம்பதுக்கு நாற்பத்தொன்று.