மாதேஷ் கழற்றி மாட்டிய புராசசர்

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மண்டிக்காரர் தராசைப் பார்த்தபடியே சொன்னார். "பாலக்கோட்டுல லேப்டாப் கடை வச்சிருந்த மாதேஷ் போயிட்டாராம். ஓசூர் பஸ்ல உக்காந்தவரு எழுந்திரிக்கலையாம். நெஞ்சுவலின்னு சொல்றாங்க." நாற்பதைத் தாண்டாத மனிதர். அன்று வெயில் ஏறியும் பனி விலகவில்லை. மண்டிச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது.

மாதேஷை அறிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அவர் செய்து கொடுத்த லேப்டாப்தான் எழுதுகிறது. என் மனைவி ராஜம்மா பக்கத்தில் இருந்து திருத்துகிறாள்.

ராஜம்மா எட்டாவது படித்தவள். ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது முழுதாகப் போயிற்று. அவளால் கேட்க முடியாது, என்னால் எழுதிக் காட்ட முடியாது. மாட்டைப் பிடி என்று கையைக் காட்டினால் போய்க் கதவைச் சாத்துவாள். நாளாக நாளாகக் கை காட்டுவதையும் விட்டுவிட்டோம். பேச்சை எழுத்தாக்குவது போனிலேயே இருக்கிறதாம். மலையடியில், கொல்லைக்காட்டு நடுவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு சிக்னல் வராது. அதனால்தான் மாதேஷிடம் போனேன்.

சிக்னல் இல்லாமலே கேட்டு எழுதுகிற மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்றார். அதற்குப் புராசசர்தான் மூளையாம். போர்டோடு ஒட்டியே வருமாம். இரண்டு போர்டுகளை என் முன்னால் வைத்தார். பார்வைக்கு எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ரெண்டும் ஒரே கம்பெனிங்க பெரியப்பா. பேருல கடைசி எழுத்து மட்டுந்தான் வித்தியாசம்."

"எனக்கு எல்லா எழுத்தும் ஒண்ணுதான் தம்பி. நீயே சொல்லு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது வேகங்க. சூடாவும், விசிறி கத்தும். அது நிதானம். சத்தமே வராது, சார்ஜும் நிக்கும். வெல ஒண்ணுதான். நம்ம வேலைக்கு வேகந்தான் சரி. பேச்சு ஆறிப்போறதுக்குள்ள எழுத்து வந்துடணும்." கடையில் யார் எது கேட்டாலும் அவருக்கு வேகந்தான் முதலில்.

அதையே மாட்டி வைத்துக் கூப்பிட்டனுப்பினார். ராஜம்மாவை அழைத்துப் போய் எதிரே உட்கார வைத்தேன். இத்தனை நாள் கழித்து என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். வாய் மூடுமுன் எழுத்து திரையில் வந்து நின்றது.

"நீங்கதானே பஸ் ஸ்டாண்டுல இட்லி வாங்கிக் குடுத்தீங்க, அதுக்குள்ள மறந்து போச்சா?" என்றாள், திரையைப் பார்த்தபடி.

நான் பேசப் பேச எழுத்து ஓடியது. அவள் கண் திரையை விட்டு அசையவில்லை. பிறகு திரைமேல் கையை வைத்து மறைத்தாள். "நல்லாத்தான் எழுதுது தம்பி. ஆனா கண்ண எடுத்தா எழுத்து ஓடிப்போயிடுது. இவரு மொகத்தப் பாக்கவே முடியல."

மாதேஷ் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். "அப்ப என் கணக்கு தப்புங்க பெரியம்மா" என்று திருப்புளியை எடுத்தார். மத்தியான வெயில் கடைக்குள் சாய்ந்து கிடந்தது. குட்டித் திருகாணிகள் ஒரு டப்பா மூடியில் மின்னிக்கொண்டிருந்தன. நாங்கள் தூக்கத்தில் இருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

நிதானமான போர்டை மாட்டியதும் மறுபடி பேசினேன். ஒரு மூச்சு நேரம் திரையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ராஜம்மா என்னைப் பார்த்தாள். எழுத்து வந்ததும் திரும்பி வாசித்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இதுவே இருக்கட்டும் தம்பி."

மெதுவாக வருகிறதே என்று அவர் சைகை காட்ட, "எங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

"லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு சந்தோசப்படுற கஸ்டமர இப்பதாங்க பாக்குறேன்" என்றார் மாதேஷ்.

மண்டியிலிருந்து திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "மாதேஷ் போயிட்டாரு" என்றேன். எழுத்து இன்னும் வரவில்லை. ராஜம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

அதன் பிறகுதான் அவர் பெயர் திரையில் வந்தது. மாதேஷிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மூச்சு நேரம்.