கண்ணாடிக் குழாய்

மூளையில் சுரக்கும் பெப்டைடு என்ற ஒரு புரதத் துணுக்குக்கும் அதை ஏற்கும் செல்லுக்கும் தரகு பார்த்தே அந்த விஞ்ஞானியின் ஆயுள் கழிந்தது. தானும் ஒரு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது நினைவுக்கே வரவில்லை.

இரண்டு வருடமாக பெப்டைடுக் கரைசலை எத்தனை சொட்டு விட்டாலும் செல்கள் இடித்த புளிபோல் இருந்தன. “செவிட்டுச் செல்லு!” என்று திட்டியவர், பழியை உதவியாளர் தலையில் போட்டார். “உன் கைராசி அப்படி.” ஆய்வகத்தில் இருந்த ஒரே துணை அவள், அவளும் வேலையை விட்டுப் போனாள்.

ஒருநாள் கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோக, பெப்டைடைப் பிளாஸ்டிக் குழாயில் கரைத்துச் செல்கள்மேல் விட்டார். செல்களின் அசைவை அளக்கும் கருவியின் முள் துள்ளியது. இத்தனை நாளும் பெப்டைடு முழுக்கக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

“வந்துடுச்சு, பாரேன்!” என்று திரும்பினார். காலி நாற்காலி.

அவளுக்குப் போன் போட்டார்.

“குழாய மாத்திப் பாக்கலாமான்னு அப்பவே மூணு தடவ கேட்டேனே, சார்.”

ஒருதடவை கேட்டதுகூட அவருக்கு நினைவில்லை.