முப்பத்தொரு சங்கு

1974 மாசி மாதம், தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சங்கு குளிக்கும் முகாம். அன்று மாலை கரையில் இருந்தவர்கள் மூன்று பேர்: சங்கை எண்ணித் தள்ளும் வயதான குளியாள், சங்கைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கு மூட்டை கொண்டுபோகும் ஒத்தை மாட்டு வண்டிக்காரர், நோட்டும் கையுமாக நான். இல்லாதவர், வழக்கமாகக் கணக்கெழுதும் பெரியவர். மகள் பிரசவத்துக்காக ஒரு மாத விடுப்பில் நாசரேத் போயிருந்தார். அவர் இடத்தில் நான் உட்கார்ந்த முதல் நாள் அது.

நான் சாத்தான்குளத்துப் பக்கம். அப்பா பனை ஏறுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கணிதத்தில் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் சில வாரம் முன்புதான் தற்காலிக எழுத்தராக இங்கே வந்து சேர்ந்தேன். முகாமில் யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. மதியச் சோற்றைப் படகு நிழலில் தனியாகத்தான் சாப்பிடுவேன்.

துணைக்கு ஒரு கட்டுத் தாள் இருந்தது. பம்பாயில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த கல்லூரி நண்பன் தபாலில் அனுப்பியது. புதுவிதமான ஒரு தர்க்கத்தில் நாற்பது பயிற்சிகள். அதன் சட்டம் கடுமையானது. 'இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே இருக்கிறது' என்று அதில் தப்பித்துக்கொள்ள முடியாது. இருக்கிறது என்றால் எடுத்துக் காட்ட வேண்டும். இதுவோ அதுவோ என்றால் எது என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு முடித்திருந்தேன். யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது?

குளியாள் ஐந்தைந்தாக எண்ணித் தள்ளுவார். நூறு ஆனதும் அடையாளத்துக்கு ஒரு சங்கை எடுத்துப் பாயில் வைப்பார். கடைசியில் பாயில் முப்பத்தொன்று இருந்தன. உதிரி எதுவும் இல்லை. மூவாயிரத்து நூறு, பாயில் இருப்பதையும் சேர்த்து மூவாயிரத்து நூற்று முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி கிளம்பியது.

மறுநாள் காலை கிட்டங்கியில் எண்ணினால் மூவாயிரத்து நூறுதான். முப்பத்தொரு சங்கு குறைவு. வாசலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "நீதான் படிச்சவன், சொல்லு. எங்கன போச்சு?" என்றார்.

கரும்பலகை முன்னால் நிற்பதுபோல நின்று சொன்னேன். கரைக் கணக்கு சரி. கிட்டங்கிக் கணக்கும் சரி. இடையில் வண்டிக்காரரைத் தவிர ஆள் கிடையாது. அவர் எடுக்காமல் இது குறைந்திருக்கவே முடியாது.

"தம்பி, எடுத்தேம்னா எங்கன வச்சிருக்கேன், வந்து காட்டுங்க" என்றார் வண்டிக்காரர்.

"மாடு தின்னுருக்கும் அண்ணாச்சி" என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னதையே சூப்பர்வைசர் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். அன்றோடு வண்டிக்காரருக்கு முகாமில் சுமை கிடையாது. இனிமேல் கரையில் எண்ண வேண்டாம், கிட்டங்கியில் எண்ணினால் போதும் என்றும் உத்தரவானது.

அதுவரை இரண்டொரு வார்த்தை பேசியவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் சோற்றுத் தூக்கைத் திறந்தால் அந்தப் பக்கம் குரல் கேட்கும்: "ஏலே, பருக்கைய எண்ணித் தின்னுங்க. கணக்கப்பிள்ளை பாக்காரு."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். வெறும் கொட்டகையில் உட்கார்ந்து இருபத்து மூன்றாவது பயிற்சியை எடுத்தேன். உனக்குத் தெரிந்த ஒரு வேலையின் செய்முறையை எழுது, அது சரியான விடையைத்தான் தரும் என்ற நிரூபணத்தையும் அடிக்கு அடி கூடவே எழுது என்றிருந்தது. எனக்குத் தெரிந்தது சங்கு எண்ணுவது. அதையே எழுதினேன்.

பாயில் இருக்கும் ஒவ்வொரு சங்குக்கும் ஒரு நூறு. எந்த நூறு என்று காட்ட வேண்டும். எண்ணித் தள்ளியதில் தொண்ணூற்றொன்பது. நூறாவது? அது பாயிலேயே இருக்கிறது. கடைசி வரியில் நான் பாயையும் கூட்டியிருந்தேன். அந்த வரிக்கு நிரூபணம் வரவே இல்லை. எப்படி எழுதினாலும் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகவே வந்தது. தாளில்தான் ஏதோ அச்சுப்பிழை என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். பிறகு, முப்பத்தொரு நூற்றுக்கு எத்தனை கூடும் என்று மனசுக்குள் ஓடியது. எந்தச் சங்கும் காணாமல் போகவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் சொன்னேன். "புது வண்டி வச்சாச்சு. நீ சும்மா கெட. தப்புன்னு வெளிய தெரிஞ்சா ஒன் சோலிதான் போகும்" என்றார்.

வண்டிக்காரரைத் தேடிப் போனேன். உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமந்துகொண்டிருந்தார். கூடையை இறக்கிவிட்டு, முழுக்கக் கேட்டார்.

"அங்க இருவது பேரு முன்னால சொன்னீரு. இங்கன உப்புக்கிட்ட வந்து சொல்லுதீரு" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கிட்டங்கி வாசலில் ஆட்கள் கூடும் நேரம் பார்த்து ஒரு சாக்குச் சங்கைக் கொட்டினேன். குளியாளை நூறு எண்ணச் சொன்னேன். எண்ணினார், ஒன்றைப் பாயில் வைத்தார். தள்ளிய குவியலை எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாக நான் எண்ணினேன். தொண்ணூற்றொன்பது. "அன்னைக்கு நான் பாயையும் கூட்டிட்டேன். வண்டிக்காரர் ஒண்ணும் எடுக்கல. தப்பு என்னோடது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குளியாள்தான் பேசினார். "முப்பத்தொண்ணு கொறையுதுன்னதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. படிச்ச புள்ள தப்பா எழுதுமான்னு விட்டுட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா தம்பி. நீருதான் யாருட்டயும் பேச மாட்டீரே."

அவர்கள்தான் என்னோடு பேசுவதில்லை என்று அதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே என் வேலை போயிற்று. வண்டிக்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். ஆனால் பிழைப்புக்காக மாட்டை இருநூற்று எண்பதுக்கு விற்றிருந்தார். வாங்கியவன் திருப்பித் தர முந்நூற்று நாற்பது கேட்டான். கூடுதலாகக் கேட்ட அறுபது ரூபாயை, நண்பனிடம் பம்பாய் போவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்து வண்டிக்காரர் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பாக்கிப் பயிற்சிகளையும் பிறகு முடித்துவிட்டேன். இன்றும், 'வேறு யாராக இருக்க முடியும்?' என்று மனசு சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் போய்க் கேட்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கற்றுக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் ஆன செலவு: என் வேலை, அவருடைய மூன்று வாரக் கூலி, ரொக்கமாக அறுபது ரூபாய்.