அன்சுமானா குடிக்காத கள்

எங்கள் காசமான்ஸ் பக்கம் அன்சுமானா ஜாட்டாவைக் குடிகாரர் என்றே எல்லோருக்கும் தெரியும். ஒரு சொட்டுகூட அவர் வாயில் பட்டதில்லை என்பது மனைவி கினேவுக்கும் கூட வேலை செய்த ஜோகாய்க்கும் மட்டுமே தெரியும்.

1970களில் அன்சுமானாவுக்கும் ஜோகாய்க்கும் ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பபூன் குரங்குகளைப் பராமரிக்கும் வேலை. அங்கே அல்லைல்கிளைசின் என்றொரு ரசாயனம். மூளைக்குள் ‘போதும், அடங்கு’ என்று சொல்ல காபா என்றொரு சரக்கு ஊறிக்கொண்டே இருக்குமாம். இந்த ரசாயனத்தை ஊசியில் ஏற்றினால் அந்த ஊற்று அடைபட்டுவிடும். உடனே குரங்குக்கு வலிப்பு. வலிப்புக்கு மருந்து கண்டுபிடிக்க முதலில் வலிப்பை வரவழைக்க வேண்டுமல்லவா? பெரிய படிப்பு.

முதல் ஊசியன்று குரங்கின் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தபோது அன்சுமானா சுவரைப் பிடித்துக்கொண்டார். சிறுவயது முதலே அவருக்கும் அது உண்டு. தான் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கண்டார்.

வலிப்புக்காரன் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள் எங்கள் ஊரில். தெரிந்தால் வேலை போகும். அதைவிட, எல்லோரும் கைவைக்கும் சோற்றுத் தட்டில் இடம் போகும். தனிக் கிண்ணம், தனி மூலை.

ஒருநாள் கூண்டு முன்னால் அவரே விழுந்தார். வாயில் நுரை. டாக்டர் ஓடிவந்தார்.

“என்ன ஆச்சு இவனுக்கு?”

ஜோகாய் செரேர் இனத்தவர். அவர்களுக்கும் ஜோலாக்களான எங்களுக்கும் பரம்பரைக் கேலிமுறை. ‘அடிமை’ என்றே ஏசினாலும் கோபிக்கக் கூடாது.

“என்னத்தச் சொல்ல டாக்டர்! இந்த ஜோலா அடிமை விடிஞ்சதுமே கள்ளுக்குடத்துல முங்கிட்டான்.”

டாக்டர் நம்பினாரோ என்னவோ, திட்டியதோடு விட்டார்.

தெளிந்ததும் அன்சுமானா கேட்டார்: “தொழுகைக்குப் போறவனப் போய் குடிகாரன்னுட்டியேடா!”

“அப்ப உண்மையச் சொல்லிரவா?”

“வேணாம்டா. குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்.”

குடிகாரருக்கு வேலை இருந்தது. தட்டிலும் இடம் இருந்தது. பள்ளிவாசலில் மட்டும் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

போன மழைக்காலத்தில் இறந்தார். சாவு வீட்டில் கேலிமுறைக்காரர் இறந்தவரைக் கிண்டலடிப்பது வழக்கம். தள்ளாடி எழுந்தார் ஜோகாய்.

“கேளுங்கய்யா! இந்த அடிமை ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவனுக்கு வலிப்பு! காலம்பூரா உங்க தட்டுலதான் கைய வச்சான். எவனுக்காச்சும் ஒட்டுச்சா?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“செரேர்க்காரன் வாயில என்னிக்கு உண்மை வந்திருக்கு!”

ஜோகாய் அழுதார். நல்ல நடிப்பு என்று அதற்கும் சிரித்தார்கள்.

சோறு வந்தது. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கினே சிரிக்கவில்லை. குனிந்து, நடுவிலிருந்த மீனைப் பிய்த்து ஜோகாய் பக்கம் தள்ளிவைத்தாள்.